கோவிந்தம்மாவின் நாற்பது சென்ட்

“மாமா, எங்கம்மாவோட கெணத்தையும் அதச் சுத்திக் கீற நாப்பது சென்ட்டையும் திருப்பி எழுதிக் குடுங்க.”

வாசற்படி ஏறுவதற்கு முன்பே எழிலரசி கேட்டுவிட்டாள். ஏறிவிட்டால் அத்தை காபி கொடுப்பாள். அந்தக் காபியைக் குடித்துவிட்டால் வாயில் இந்த வார்த்தை வராது. வழியெல்லாம் யோசித்து எடுத்த முடிவு அது.

கோதண்டராமன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை. பையில் ‘பொன்வயல் கார்டன்’ என்று அச்சடித்த பேனா. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு இப்போது அதுதான் வேலை. சென்னையிலிருந்து மனை பார்க்க பஸ்ஸில் வருகிறவர்கள் முன்னால் ‘நிலத்துச் சொந்தக்காரர்’ என்று நின்று கும்பிட வேண்டும். மூன்றாவது பொத்தானில் விரல்கள் அப்படியே நின்றன.

“இன்னா கேட்ட?”

“கேட்டது காதுல வுழுந்துச்சு மாமா. எனக்குத் தெரியும்.”

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே கோவிந்தம்மா மகளை வளர்த்திருந்தாள். “மாமா வூட்ல சோறு கேளு. துணி கேளு. சினிமாவுக்குக் கூட்டிக்கினு போவச் சொல்லு. மண்ணு மட்டும் கேட்டுடாத. கேட்ட அன்னிக்கே அந்த வாசல் நமக்கு இல்லாம பூடும்.”

அந்த நாற்பது சென்ட் கோவிந்தம்மாவுக்குக் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சக்காணி. மஞ்சள், குங்குமச் செலவுக்கென்று பெண்ணுக்கு ஒதுக்கும் நிலம். வாய்வார்த்தையோடு நின்றிருக்க வேண்டியது. கரண்ட்தான் அதைப் பத்திரத்தில் ஏற்றியது. ஒரே ஆள் பேரில் இரண்டு பம்புசெட்டுக்கு இலவசக் கரண்ட் கிடையாது என்றதும், கோவிந்தம்மாவின் அப்பா புதுக் கிணற்றை மகள் பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் செய்துவிட்டு, மகள் பேரிலேயே இணைப்பும் வாங்கினார். உழுததும் அறுத்ததும் அண்ணன்தான். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் ஒரு மூட்டை நெல்லும் மஞ்சள் கொத்தும் தங்கை வீட்டு வாசலில் இறங்கிவிடும். ஒரு வருஷம் தவறியதில்லை.

இந்தத் தைக்குத்தான் மூட்டை வரவில்லை. போய்ப் பார்த்தால், நெல் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளையடித்த மனைக்கல் நின்றது.

எழிலரசி பி.காம். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள். ஒரகடத்தில் காருக்கு ரப்பர் பாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரு லீவு போட்டு, ரிஜிஸ்டர் ஆபீஸில் மனுக் கொடுத்து, போன வாரம் நகல் வாங்கிவிட்டாள். போன ஐப்பசியில் கோவிந்தம்மாள் தன் நாற்பது சென்ட்டையும் கிணற்றையும் அண்ணன் கோதண்டராமனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னது அந்த நகல்.

“யாரு அனுப்பினது? உங்கம்மாவா?” என்றார் மாமா.

“நான் வந்ததே அவங்களுக்குத் தெரியாது.”

“அதான பாத்தேன்.” மிச்சப் பொத்தான்களைப் போட்டார். “பாப்பா, கோவிந்து மனசாரக் குடுத்தது அது. ரிஜிஸ்டர் ஆவி நாலு மாசம் ஆவுது. அண்ணன் தங்கச்சிக்குள்ள நீ எதுக்கு மூக்கை நுழைக்கிற?”

எழிலரசி ஃபைலைத் திறந்து படித்தாள். “‘தாங்கள் என் உடன்பிறந்த அண்ணனாகையால் தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்...’ எங்கம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல மாமா. உங்களப் பத்திப் பேச ஆரம்பிச்சா, ‘அண்ணனுக்குக் காரம் ஆவாதுடி’ன்னு ஒண்ணு சொல்லும். அவ்ளோதான் எங்கம்மாவோட அபிமானம்.”

கதவோரம் காபி டம்ளரோடு நின்றிருந்த தாயாரம்மாள் அத்தை அந்தக் காகிதத்தையே பார்த்தாள். பிறகு இடது கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எழிலரசி அதைப் பார்த்தாள். அப்போது அதற்குக் காரணம் தேடவில்லை.

மாமாவுக்குக் கோபம் இப்போதுதான் ஏறியது. “ரெண்டு வருசம் இந்த வூட்ல துன்னுட்டுத்தான் நீ பன்னெண்டாவது பாஸ் பண்ண. அந்தப் படிப்புதான இன்னிக்கு எங்கிட்ட வந்து பேப்பர் படிக்குது?”

“ஆமா மாமா. அதுக்கு அத்தை சொன்ன வேலைய சாவற வரிக்கும் செய்வேன். அதுக்கும் நாப்பது சென்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல.”

“உனக்குப் புரியாது!” அவர் குரல் திடீரென்று கெஞ்சுவது போல ஆனது. “கெணத்துப் பக்கம்தான் முப்பதடி ரோடு உள்ள நுழையுது. அது இல்லன்னா மத்த ஆறு ஏக்கருக்கும் வழியே இல்ல. என் நெலத்தை எல்லாம் வித்தாச்சு. கெணத்த மட்டும் வுட்டுடுன்னு நான் போய்ச் சொன்னா புரமோட்டர் சிரிக்க மாட்டானா? புதன்கிழமை அவன் பேருக்கு ரிஜிஸ்டர் ஆவுது. முடிஞ்சிடுச்சு.”

“புதன்கிழமை இன்னும் வரல மாமா.”

“போ. பஸ்சு வர்ற நேரம். இங்க நின்னு மானத்த வாங்காத. உங்கம்மாகிட்ட சொல்லு, இனிமே இந்த வாசல்ல...”

முடிக்கவில்லை. முடிக்க வரவில்லை அவருக்கு. அந்த மட்டும் மனுஷன்தான்.

“காபி ஆறுது,” என்றாள் அத்தை.

எழிலரசி டம்ளரை வாங்கினாள். கேட்டாகிவிட்டது, இனிக் குடிக்கலாம். நின்றவாக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் குழாயடியில் கழுவி, அத்தை கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

*

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாடகை. அடுத்த மாதம் அதுவும் இல்லை. இதை இடித்துவிட்டு மாடியும் கீழுமாகப் பதினாறு ரூம் கட்டப் போகிறார் வீட்டுக்காரர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வரும் பையன்கள் ரூமுக்கு ஐந்து பேர் என்று தங்கிக்கொள்வார்கள். “குடும்பத்துக்கு வூடு வுடறது இனிமே கட்டுப்படியாவாதும்மா” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

கோவிந்தம்மா பின்வாசலில் ஏரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த எழிலரசியின் அண்ணன் இனியவன் உள்ளே ஃபேனுக்கடியில் குப்புறக் கிடந்தான்.

“கேட்டுட்டேன்,” என்றாள் எழிலரசி.

கோவிந்தம்மா நிமிரவில்லை. செதிலைச் சுரண்டிய கை மட்டும் கொஞ்சம் வேகமானது.

“வாசல்லயா, உள்ளயா?”

“வாசல்ல.”

“யாரு இருந்தாங்க?”

“அத்தை.”

“அண்ணன் சாப்ட்டாரா?”

“அம்மா! உன் கெணத்த எடுத்துக்கினு பூட்டாருன்னு சொல்றேன், சாப்ட்டாரான்னு கேக்கற!”

“சத்தம் போடாத. அவன் தூங்கறான்.”

“எங்க தூங்க வுடறீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எழிலரசி அம்மாவுக்கு எதிரில் குந்தினாள். “நல்லா யோசிச்சுச் சொல்லு. ஐப்பசில மாமா உன்னை எங்கனா கூட்டிக்கினு போனாரா? ஆபீசு மாதிரி ஒரு எடம். கைநாட்டு வெக்கச் சொன்னாரா?”

“ஐப்பசில நான் எங்கயும் போவல. சிக்கன்குனியா மாதிரி முட்டி வலின்னு படுத்துக்கினு கெடந்தேனே, மறந்துட்டியா?”

“பின்ன இது எப்படி வந்துச்சு?”

கோவிந்தம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினாள். எழுத்துக்களை விட்டுவிட்டாள். அவள் கண் நேராகக் கீழே இருந்த ரேகைக்குப் போனது.

“இது யாரு கை?”

“உன் கைன்னு போட்டுக் கீது. ‘கோவிந்தம்மாள், இடது பெருவிரல் ரேகை.’”

“எனக்கு எதுக்குக் கைநாட்டு? எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்டி.”

எழிலரசி சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

இருபத்து மூன்று வருஷம். ரேஷன் கடையில், கூட்டுறவுச் சங்கத்தில், அப்பா லாரி மோதிச் செத்தபோது ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அம்மா இடது கட்டைவிரலை நீட்டித்தான் அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஊதா மையைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘நான் படிச்சே ஆவணும்’ என்று அவளுக்குள் ஒரு வெறி வந்தது. பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பாதான் கையெழுத்துப் போடுவார். அம்மாவிடம் ஒரு நாளும் அவள் நீட்டியதில்லை.

“எப்ப கத்துக்கின?” என்றாள்.

“மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு எழுதிப் போட்டாங்களே, அப்ப. என் பேர்ல இல்ல கேட்டாங்க, நான்தான் போடணும். ‘ஆபீசருங்க முன்னாடி என் தங்கச்சி மையத் தடவிக்கினு நிக்கக் கூடாது’ன்னு அண்ணன்தான் கத்துக் குடுத்தாரு. மூணு நாளு. மோட்டார் ரூம் செவுத்துல கரித்துண்டால எழுத வெச்சாரு. செவுரு பூரா கோவிந்தம்மாள், கோவிந்தம்மாள்.” அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “மூணாம் நாளு படிக்கட்டுக்கு சிமிட்டி பூசினாங்க. ஈரமா இருந்துச்சு. ஆணிய எடுத்து அதுலயும் எழுதிட்டேன். கொத்தனாரு திட்டினான். அண்ணன், ‘வுடு, அவ கெணறு, அவ பேரு’ன்னாரு.”

உள்ளேயிருந்து இனியவன் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

“அப்புறம் ஏம்மா கைநாட்டு வெச்ச?” என்றான்.

“உங்க நைனா சிரிச்சாரு. ‘ஏழு எழுத்துக்கு அரை நாளா’ன்னாரு. ரேசன் கடையில பின்னாடி நிக்கறவ கத்துனா. விரல நீட்னா வேலை முடிஞ்சிடுது. அப்படியே வுட்டுட்டேன்.”

பி.காம். பட்டம் சட்டம் போட்டு அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. அதை மாட்ட ஆணி அடித்ததும் அம்மாதான்.

கோவிந்தம்மா நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரேகையின் நடுவே, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, மை படாத வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. அவள் கை இறங்கியது.

“இத மூடி வை அரசி.”

“ஏன்?”

“மூடி வைன்னு சொல்றேன்.”

“யாரு கைம்மா இது?”

கோவிந்தம்மா மறுபடி மீன் சட்டிக்குப் போய் உட்கார்ந்தாள். “அறுப்புல அரிவா பட்டுச்சு. கட்டைவிரலு தொங்கிப் போச்சு. என் பொடவையைக் கிழிச்சு நான்தான் கட்டினேன். உங்க அத்தை கைடி அது.”

*

பன்னிரண்டரை மணிக்குத் தாயாரம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெறுங்கையோடு வந்தாள். முருங்கைக்காயாவது, ஒரு கொத்துக் கீரையாவது இல்லாமல் அத்தை இந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னாள்.

“மூலை மனை ஒண்ணு, பார்க்குக்கு எதிர்ல, ரெண்டரை சென்ட்டு. அரசி பேருக்கே எழுதித் தரேன்னாரு அவ மாமா. பத்திரச் செலவும் அவரே பாத்துக்கறாராம். நகல மட்டும் குடுத்துடச் சொன்னாரு.”

முதலில் பேசியது இனியவன்தான். “வாங்கிக்கலாம் அரசி.”

“இன்னாண்ணா சொல்ற?”

“நான் சொல்றதக் கேளு. அடுத்த மாசம் பாத்திரம் பண்டத்தோட ரோட்டுல நிப்போம். ரெண்டரை சென்ட்டுல ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, தாராளமாக் கட்டலாம். நான் காண்ட்ராக்ட் லேபர். ஒரு நாளு கோர்ட்டுக்குப் போனா ஒரு ஷிஃப்ட் போச்சு. நாலு வாட்டி போனா சூப்பர்வைசர் ‘வீட்லயே இரு’ன்னுடுவான். தீர்ப்பு வர்றதுக்குள்ள எனக்குத் தல நரைச்சிடும்.”

“நம்ம கெணத்துலேர்ந்து நமக்கே ஒரு சொம்பு தண்ணி குடுக்கறாங்க. வாங்கிக் குடிச்சுட்டுக் கும்புடு போடணுமா?”

“தாகத்துக்குச் சொம்பு போதும்டி.”

“உனக்குப் போதும்.”

அவன் முகம் சிவந்தது. திருப்பிச் சொல்ல வாயெடுத்தவன், அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கோவிந்தம்மா அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் இடது கையை.

தாயாரம்மாளுக்கு அது புரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னா காயிதம்னு தெரியாம வெச்சுட்டேன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. ஆட்டோல வரும்போது அதையேதான் சொல்லிப் பாத்துக்கினு வந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “வரல கோவிந்தம்மா. தெரிஞ்சுதான் வெச்சேன். அந்த ஆபீசரு தலையத் தூக்காமலே ‘பேரு கோவிந்தம்மாளா’ன்னாரு. நான் இவரு மூஞ்சப் பாத்தேன். இவரு என் மூஞ்சப் பாக்கல. ஆமான்னேன். விரல அவங்களே புடிச்சு ஒத்திக்கினாங்க.”

வெளியே ஒரு டேங்கர் லாரி போனது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி,” என்றாள் கோவிந்தம்மா. “கேட்டிருந்தா நானே வந்து போட்டுக் குடுத்திருப்பேனே.”

“அத அவரும் சொன்னாரு. ‘கேட்டா கோவிந்து குடுத்துடும். ஆனா அவ பொண்ணு வுடமாட்டா. அந்தப் பொண்ணுக்குத் தெரியாம கோவிந்த ரிஜிஸ்டர் ஆபீசு வரிக்கும் கூட்டிக்கினு போவ முடியாது’ன்னாரு.” அத்தை எழிலரசியைப் பார்த்தாள். அந்த அழுகையிலும் ஒரு பெருமை இருந்தது. “உன்னக் கண்டா அவருக்கு பயம்டி. பொன்வயல் ஆளுங்ககிட்ட தைரியமா உக்காந்து பேசறாரு. உன் வண்டிச் சத்தம் கேட்டா சட்டையப் போட்டுக்கினு கொல்லைப் பக்கம் பூடறாரு. இன்னிக்கு நீ வண்டியில வரல, மாட்டிக்கினாரு.”

இனியவன் சிரித்துவிட்டான். கோவிந்தம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எழிலரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கணக்கு வேறு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. போலீஸுக்குப் போனால் முதல் கேள்வி, ரேகை யாருடையது என்பதுதான். முதலில் உள்ளே போகிறவள் அத்தை. போலீஸுக்குப் போகாவிட்டால் புதன்கிழமை கிணறு போய்விடும். ஒரு தடவை புரமோட்டர் பேருக்கு மாறி, துண்டு துண்டாக ஐம்பது பேருக்கு விற்றுவிட்டால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

பன்னிரண்டாவது படித்த அந்த இரண்டு வருஷமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டு, அவள் தூங்கி விழாமல் இருக்க எதிரிலேயே உட்கார்ந்து அரிசி புடைத்தவள் அத்தை. ‘அ’ கூடத் தெரியாதவள், பக்கம் திருப்பும் சத்தத்தை வைத்தே இவள் படிக்கிறாளா, சும்மா திருப்புகிறாளா என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கையைப் போலீஸ் ஸ்டேஷன் மேஜைமேல் கொண்டுபோய் வைப்பதா?

கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு செருகிவிட்டுப் போவார்கள். எழிலரசி அதை உருவினாள். வழவழப்பான காகிதம். ‘பொன்வயல் கார்டன். ஞாயிறுதோறும் இலவச பஸ் வசதி. பகல் ஒரு மணிக்கு அறுசுவை உணவு. வற்றாத கிணறு, இனிப்பான தண்ணீர்!’ கீழே படம். பச்சைப் பசேலென்று கிணறு, பக்கத்தில் மோட்டார் ரூம், அதன் படியில் மாமா கைகூப்பி நிற்கிறார்.

அவள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அத்தே, இன்னிக்கு எத்தினி பஸ்சு?”

“ரெண்டு. நூறு பேருக்கு இலை போட்டிருக்காங்க. துன்னு முடிச்சதும் மேனேஜரு மைக்குல பேசுவாரு. அப்பறம் புக்கிங்கு.”

“அந்தப் புரமோட்டர் போலீசுக்குப் பயப்பட மாட்டான். கோர்ட்டுக்கும் பயப்பட மாட்டான். துன்னுட்டுக் கை கழுவினவங்க ஒரு மனை கூட புக் பண்ணாம பஸ் ஏறிட்டா?”

இனியவன் நிமிர்ந்தான். “இன்னாடி பண்ணப் போற?”

“மனை பாக்கப் போறேன். நானும் ஒரு பார்ட்டிதான். இந்தக் கெணறு யாருது, பத்திரத்தக் காட்டுங்கன்னு நூறு பேரு முன்னாடி கேக்கப் போறேன். காட்டினாங்கன்னா, அதுல இருக்கறது கைநாட்டு. எங்கம்மா கையெழுத்துப் போடறவங்கன்னு சொல்லப் போறேன். அவ்ளோதான். கை யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அடிப்பானுங்க.”

“நூறு பேரு முன்னாடியா? ஒரு மனை விக்காதுண்ணா அப்பறம்.”

“கையெழுத்துப் போடுவாங்கன்னு நீ சொன்னா ஆச்சா? எவன் நம்புவான்?”

எழிலரசி அம்மாவைப் பார்த்தாள்.

கோவிந்தம்மா எழுந்தாள். பின்வாசலுக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடி சோப்புப் போட்டாள். புடவையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து மகளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“பேனா குடு.”

நோட்டீஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஃபைலை அடியில் வைத்துக் கொடுத்தாள் எழிலரசி. கோவிந்தம்மா பேனாவை மூன்று விரலால் பிடித்தாள், கோலமாவு பிடிப்பது போல. கொம்பு போட்டாள். நிறுத்தினாள். ‘க’ வந்தது, காலும் வந்தது. ‘வி’க்குச் சுழி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. ‘ந்’துக்குப் புள்ளியை மறந்துவிட்டு, ‘த’ எழுதி முடித்தபின் திரும்பி வந்து வைத்தாள். நெற்றியில் வியர்வை. ரேஷன் கடைக் க்யூ எதுவும் பின்னால் இல்லை. யாரும் கத்தவில்லை. ‘ம்’, ‘மா’, கடைசியில் ‘ள்’. அதன் வாலை நீளமாக இழுத்துவிட்டு, ஆணி போல ஒரு புள்ளி குத்தினாள்.

கோணலும் மாணலுமாக, ஒரு எழுத்து மேலே ஒரு எழுத்து கீழே, ஆனால் ஒன்றுகூடக் குறையாமல் நின்றது அந்தப் பேர்.

பல்கலைக்கழகப் பட்டத்தில் துணைவேந்தர் போட்ட கையெழுத்தை எழிலரசி நூறு தடவை பார்த்திருக்கிறாள். யார் பேர் என்றே அதில் தெரியாது. இது கண்ணில்லாதவன் தடவினாலும் தெரியும்.

“படியில சிமிட்டில கீறதும் இதே மாதிரிதான் இருக்கும்,” என்றாள் கோவிந்தம்மா. “அந்த ‘வி’ அப்பவே எனக்குப் பெருசாத்தான் வரும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டு.”

“நீயும் வாம்மா.”

“வரமாட்டேன். அண்ணன் மூஞ்சப் பாத்தா எனக்குக் கை ஓடாது.” காகிதத்தை மகளிடம் நீட்டினாள். “எனக்கு எங்கண்ணன் வேணும் அரசி. ஆனா கத்துக் குடுத்தவரே நான் கைநாட்டுன்னு எழுதிட்டாரே. அத மட்டும் அவரக் கேட்டுட்டு வா. நான் கேட்டதா சொல்லு.”

இதுதான் அம்மா தன் அண்ணனிடம் வாழ்க்கையில் வைக்கும் முதல் கோரிக்கை என்பது எழிலரசிக்கு உறைத்தது. மண் இல்லை அது. மண்ணைவிடக் கனமாக இருந்தது.

காகிதத்தை மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தாள். எழுந்தாள்.

“மூலை மனை?” என்றாள் அத்தை, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவோம் என்பது போல.

“வேணாம்னு நானே நேர்ல சொல்லிக்கறேன் அத்தே.”

இனியவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நான் வரல. எனக்கு இன்னிக்கும் நைட் ஷிஃப்ட்.” கொஞ்சம் விட்டு, “வண்டிச் சாவி ஆணில மாட்டிக் கீது. பிரேக் கம்மி. மண்ணு ரோட்டுல பாத்துப் போ.”

அவள் சாவியை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“அரசி!”

திரும்பினாள். தாயாரம்மாள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடது கை மடிமேல் திறந்து கிடந்தது. இப்போது அதை மறைக்கவில்லை.

“கெணத்து மேட்டுல ஏறி நின்னு பேசாத. அந்தக் கல்லு ஆடுது. மோட்டார் ரூம் படியில நில்லு. நாலு பக்கமும் கேக்கும்.” மடிமேல் கிடந்த கையைப் பார்த்தாள். “படிமேல செவப்புக் கம்பளம் போட்டு மூடி வெச்சிருக்காங்க. அதுமேலதான் உங்க மாமா நின்னு கும்புடுவாரு. மொதல்ல அவர எறங்கச் சொல்லு. அப்பறம் அத இழுத்து வுட்டுடு.”

“கை யாருதுன்னு அவங்க கேட்டாங்கன்னா அத்தே?”

கோவிந்தம்மா எழுந்து போய் அண்ணிக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார்ந்தாள்.

எழிலரசி வெளியே வந்து வண்டியை உதைத்தாள். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. கூட்டுரோட்டில் ‘பொன்வயல் கார்டன்’ பேனர் கட்டிய இரண்டாவது பஸ் வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் வீட்டுக் கனவோடு முகங்கள். அவள் ஃபைலை வயிற்றோடு சேர்த்துச் செருகிக்கொண்டு, வண்டியை அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் விட்டாள்.